அம்மன் முகத்தில் கரி

“அம்மனுக்குக் குளிராதாம்மா?”

மூங்கில்மலைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள் ரத்னா, மார்கழி மாதத்து விடியலில் கோயில் வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. கூரை ஓட்டின் வழியே அம்மன் தலையில் பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். தாய் அன்னம்மா சிரிக்கவில்லை. அந்த வாரமே ஹட்டனுக்குப் போய் ஒரு சிவப்புக் கம்பளி வாங்கிவந்து அம்மன் தோளில் போர்த்தினாள்.

ஆண்டுதோறும் புதுக் கம்பளி வந்தது. அம்மன் போர்த்திய பழைய கம்பளிகள் லயத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு என்று வழக்கமாயிற்று. பிள்ளை பிறந்த வீட்டுக்கு அன்னம்மாவே நடந்து வந்து, தன் கையால் சுற்றிவிட்டுப் போவாள். ஈரம் கசியும் வரிசை வீடுகளில் பிறக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சீர் வேறு கிடையாது.

அந்தத் தோட்டத்தில்தான், 1936-ஆம் ஆண்டின் ஒரு மழைக்காலைப் பொழுதில், துப்பறியும் தம்பையாவும் அவர் உதவியாளன் அழகுமுத்துவும் வந்து இறங்கினார்கள்.

தம்பையா ஹட்டன் ஸ்டேஷனில் தொலைந்துபோன பார்சல்களைத் தேடும் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். நெற்றியில் திருநீறு, கையில் குடை, முகத்தில் எப்போதும் எதையோ மறந்து வைத்துவிட்டவரின் கலக்கம். அழகுமுத்து பஸ் கண்டக்டராக இருந்தவன். பயணிகளைச் சிரிக்கவைத்தே இறங்கவேண்டிய இடத்தை மறக்கடித்தான் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தோட்டத்து மருந்தகத்தில், அவர்களை வரவழைத்த முத்துலிங்கம் காத்திருந்தார். மருந்து கொடுப்பவர் அவர்தான். லயத்து ஜனங்களுக்கு ‘டாக்டரய்யா’.

“நாளைக்குக் காலைப் பெரட்டுல, எல்லாரும் வேலைக்குக் கூடியிருக்கையில, வேலாயிக்குப் பத்துச்சீட்டு குடுக்கப் போறாங்க,” என்றார்.

பத்துச்சீட்டு கைக்கு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேலாயி அந்தத் தோட்டத்து மருத்துவச்சி. பாதித் தோட்டம் அவள் கையில் பிறந்தது. இந்தப் பழியோடு போனால் வேறெந்தத் தோட்டத்திலும் அவளை ஏற்கமாட்டார்கள்.

“என்ன செஞ்சாளாம்?” என்று கேட்டார் தம்பையா.

“பிள்ளைங்க மூளையைக் கெடுத்துட்டாளாம்.”

“அது என்னங்க, கையைப் போட்டுக் கெடுக்கிற சாமானா?”

“பச்சப் பிள்ளைக்கு மூளை கெடுறதுக்கு வழி நிறைய இருக்குங்க. பிறக்கையில மூச்சு முட்டினா கெடும். கொடி கழுத்தைச் சுத்தினா கெடும். தலையில அடி பட்டா, கடும் காய்ச்சல் வந்தா, அழாம கிடக்கட்டும்னு அபின் குடுத்தா...”

“எதுக்கும் இன்னைக்கே எங்கம்மாவுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேக்கணும் சார்,” என்றான் அழகுமுத்து. “எனக்கு இதுல எதுன்னு.”

முத்துலிங்கம் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

“ஆனா அது எதுவும் இல்லீங்க. மூச்சு முட்டின பிள்ளை பிறந்ததும் அழாது. லெட்சுமியோட பையன் அழுத அழுகை பங்களா வரைக்கும் கேட்டுச்சு. நல்லாப் பால் குடிச்சான். அதுக்கப்புறம்தான் மஞ்சளானான்.”

“பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வர்றது சகஜம்தானே?”

“வரும், போயிரும். இது போகல. மஞ்சள் ரொம்ப ஏறினா மூளையில போய் உக்காந்துரும். இப்ப அவனுக்கு எட்டு மாசம். கழுத்து நிக்கல. கையும் காலும் விறைச்சுக் கிடக்கு. பக்கத்துல தப்படிச்சாலும் திரும்பமாட்டான். அடுத்தாப்புல அழகம்மாவோட பொண்ணு. அது தங்கவே இல்ல. இப்ப மீனம்மா பிள்ளை மஞ்சளாகிக்கிட்டு வருது. ஏன் இப்படி ஏறுதுன்னுதான் எனக்குப் பிடிபடல.”

“எப்படி இருந்தாலும் வேலாயி கை சுத்தம்னு ஆகுதே. அதைச் சொல்லலாமே?”

“சொன்னேன். கோயில்ல அம்மன் முகம் கறுத்துப் போச்சுங்க. வேலாயி பண்ணின பாவத்துலதான் கறுத்ததுங்கறாங்க. பிள்ளையைப் பத்தின்னா நான் வாதாடலாம். அம்மனைப் பத்தி எந்தப் புத்தகத்தைக் காட்டுறது?”

தம்பையா குடையை விரித்தார். “அப்படின்னா நாம முதல்ல விசாரிக்க வேண்டியது அம்மனைத்தான்.”

“சாட்சி சொல்ல வருவாங்களா அண்ணே?” என்று பின்னாலேயே நடந்தான் அழகுமுத்து.

போகிற வழியில் மீனம்மாவின் லயம். வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கானின் ஓரமாக, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலாயி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. தம்பையாவைக் கண்டதும் எழுந்தாள். தன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“பிள்ளை பால் குடிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கய்யா.”

அறைக்குள் மீனம்மா சுவரில் சாய்ந்து கிடந்தாள். அவள் புருசன் மூக்கன் கதவோரம் கைகட்டி நின்றான். நடுவில் அன்னம்மா. அவள் மடியில் சிவப்புக் கம்பளிப் பொட்டலம். அதற்குள் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு சின்ன முகம்.

“இறுக்கிச் சுத்தணும்டி. இம்புட்டுக் குளிர்ல பிள்ளை தாங்குமா?” என்று அன்னம்மா கம்பளியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். “எண்ணெய் நல்லாத் தேச்சியா?”

“தேச்சேங்கம்மா.”

“என்ன வாசனைங்க இது?” என்று கேட்டார் தம்பையா. மூக்கைத் தொடும் குளிர்ந்த, காரமான வாசனை.

“அம்மன் வாசனை!” என்றாள் அன்னம்மா பெருமையாக. “கோயில் கம்பளிய்யா. அந்தப் பாவி தொட்ட தீட்டு இதுலதான் தீரணும். ஹட்டனுக்கு ஆள் போயிருக்கான். அவன் வந்ததும் எல்லாம் சரியாயிரும்.”

“பால் குடிக்குதா?”

“காலையில குடிச்சுச்சு. இப்ப மடியில போட்டாத் தூங்கிருது,” என்றாள் மீனம்மா. அவள் கண்ணில் தூக்கமே இல்லை.

வெளியே வந்து தம்பையா வேலாயியிடம் அதைச் சொன்னார். அவள் சாக்கை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கோயிலில் பூசாரி வீரய்யா அவர்களை அம்மன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுதையில் செய்து மஞ்சள் வர்ணம் பூசிய முகம் அது. மூக்கும் கன்னமும் தாடையும் அடுப்படிச் சுவர் போலக் கறுத்திருந்தன.

“அம்மன் தன்னோட மஞ்சளைப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டுத் தான் கறுத்துட்டான்னு பேசிக்கிறாங்க,” என்றார் வீரய்யா தாழ்ந்த குரலில்.

தம்பையா கும்பிட்டார். மெய்யாகவே கும்பிட்டார்; அவர் துப்பறிவதற்கு முன் சாமி கும்பிடாத நாள் இல்லை. பிறகு அனுமதி கேட்டுக்கொண்டு, அம்மனின் காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

“கோபம் வந்தா முன்பக்கம் மட்டுமா கறுக்கும், வீரய்யா?”

“அம்மன் கோபம் அம்மனுக்குத்தானுங்க தெரியும்.”

“சரி, ஒரு தீபாராதனை காட்டுங்க.”

வீரய்யா தட்டில் ஒரு வெள்ளை உருண்டையை வைத்தார். நெருப்பு வைத்தார். பிடிக்கவில்லை. “கொஞ்சம் பொறுங்க. இந்தக் கற்பூரம் கொஞ்சம் சோம்பேறி. திரியைக் கூட வச்சாத்தான் எந்திரிக்கும்.”

திரி வைத்ததும் எழுந்தது. கூடவே கயிறு கயிறாகக் கரும்புகை. அம்மன் முகத்தை நோக்கி மிதந்து போயிற்று.

“பூசாரியய்யா,” என்றான் அழகுமுத்து இருமிக்கொண்டே, “இது ஆரத்தியா, இல்ல நானுஓயா ஏத்தத்துல ஏறுற எஞ்சினா?”

தம்பையா இன்னொரு உருண்டையை எடுத்துத் தீர்த்தச் சொம்பில் போட்டார். அது நேரே அடிக்குப் போய் ‘டொக்’ என்று உட்கார்ந்தது.

“நல்ல கற்பூரம் தண்ணியில மிதக்கும். இது முங்குது.”

“நீச்சல் தெரியாத கற்பூரம் அண்ணே.”

“எங்கேருந்து வந்தது வீரய்யா?”

“கங்காணியம்மா குடுத்தாங்க. போன வருசத்துலேருந்து அவங்க உபயந்தான். ஹட்டன்ல சோமசுந்தரம் முதலாளி கடையில வாங்கினது.”

வட்டகொடையில் ரயில் ஏறும்போது அழகுமுத்துவுக்கு ஒரே உற்சாகம். “மாட்டினாரு முதலாளி! சாமி கற்பூரத்துலயே கலப்படம். அம்மன் முகத்துல கரியைப் பூசினவரு முகத்துல இன்னைக்கு நாம பூசுறோம்.”

“அவர் ஏமாத்தினதா இருந்தா நமக்கு நல்லதுதான்,” என்றார் தம்பையா. “அம்மன் கறுத்தது கடைச்சரக்காலன்னு ஜனங்களுக்குக் காட்டலாம். வேலாயி மேல உள்ள பழி போயிரும். பிள்ளைதான்... அதுக்கு நம்மகிட்ட ஒன்னும் இல்ல.” தலவாக்கலை வரும்வரை அவர் உதடு மட்டும் ஏதோ ஒரு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஹட்டன் பஜாரில் சோமசுந்தரத்தின் பலசரக்குக் கடை எப்போதும்போல நிறைந்திருந்தது. தம்பையா ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை. உருண்டையை உள்ளே போட்டார்.

“முங்குது, முதலாளி.”

“முங்கத்தான் செய்யும்,” என்றார் சோமசுந்தரம், பருப்பு நிறுத்துக்கொண்டே.

“கற்பூரம் முங்குமா?” என்று பாய்ந்தான் அழகுமுத்து.

“கற்பூரம் முங்காது. ரசகற்பூரம் முங்கும்.” அவர் இரண்டு கண்ணாடிச் சாடிகளை இறக்கி வைத்தார். ஒன்றில் உடைத்த கட்டிகள். மற்றதில் உருண்டைகள். “இது சாமிக்கு. இது துணிப் பெட்டிக்கு, பூச்சி வராம. பேரு ஒன்னு மாதிரி, சாமான் வேற.”

“தெரிஞ்சே கோயிலுக்கு மாத்திக் குடுத்தீங்களா?”

“கோயிலுக்கா?” சோமசுந்தரத்தின் கையில் தராசு நின்றது. “யார் சொன்னது? கங்காணியம்மா கோயிலுக்குன்னு கேக்கவே இல்லியே. போன வருசம் வந்து, அம்மன் கம்பளியை எல்லாம் பூச்சி அரிக்குது, பெட்டியில போட்டு வைக்கக் கற்பூரம் குடுங்கன்னாங்க. பெட்டிக்குப் போடுற கற்பூரத்தைக் குடுத்தேன். அவங்களும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல. மிச்சத்தை அம்மனுக்கே காட்டிட்டாங்க போல.”

அழகுமுத்து சிரிக்கப் போனான். தம்பையாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவர் சாடியின் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். குளிர்ந்த, காரமான வாசனை. கோயிலில் புகைக்குள் மறைந்திருந்தது. மீனம்மாவின் அறையில் சிவப்புக் கம்பளிக்குள் தெளிவாக இருந்தது.

“இது உடம்புக்குள்ள போனா என்ன ஆகும் முதலாளி?”

“ஐயோ, எங்க மச்சான் கதை தெரியாதா? இருட்டுல பெப்பர்மிண்டுன்னு நெனச்சு ஒன்னை மென்னு முழுங்கிட்டாரு. மூத்திரம் கறுத்துப் போச்சு. உடம்பெல்லாம் மஞ்சள். ரத்தத்தை உடைக்கிற சாமானாம், கண்டி டாக்டர் சொன்னாரு. அன்னையிலேருந்து மச்சான் பெப்பர்மிண்டைக் கண்டாலே கும்பிடுறாரு.” பிறகுதான் அவருக்கும் உறைத்தது. “ஏன், யாரு முழுங்கினது?”

“யாரும் முழுங்கல. பச்சப் பிள்ளைங்க அதுக்குள்ளேயே படுத்து மூச்சு விடுதுங்க.”

“கங்காணி வீட்டு ஆள் காலையில வந்தானே!” சோமசுந்தரம் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். “பிள்ளைக்குச் சீக்கு, அம்மன் வாசனை குறைஞ்சு போச்சு, இன்னும் போடணும்னு ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போனானே!”

அடுத்த ரயில் சாயங்காலம்தான். கடை வாசலில் மிளகாய் மூட்டை ஏற்றிய லாரி நின்றது. “எறக்க நேரமில்ல. அப்படியே எடுத்துக்கிட்டுப் போங்க,” என்ற முதலாளி, தம்பையாவின் கையைப் பிடித்தார். “அந்தம்மா பேரு வெளியே வரவேணாம். நல்ல மனுசி. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லிருங்க. வியாபாரியைத் திட்டுறது ஜனங்களுக்குப் பழக்கம்தானே, நமக்கும் வாங்கிப் பழக்கம்.”

தம்பையா அவரை நிமிர்ந்து பார்த்தார். காலையில் ரயிலில் தாம் அவரைப்பற்றி நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அழகுமுத்து மிளகாய் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தான்.

லயத்து வாசலில் லாரி நின்றபோது, அன்னம்மா புதுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலைமாட்டில் இரண்டு மூன்று உருண்டைகள் ஏற்கெனவே இருந்தன.

வாதாட நேரமில்லை. வாதாடினால் கம்பளியை அவள் விடவும் மாட்டாள். தம்பையா வாழ்க்கையில் மிக அரிதாகத்தான் பொய் சொன்னவர். இப்போது கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்:

“கோயில் உத்தரவும்மா. அம்மனுக்குக் குளிருதாம். கம்பளியை எல்லாம் உடனே திருப்பிக் கேக்குறாங்க.”

அன்னம்மாவின் முகம் மாறியது. மறு பேச்சில்லாமல் கம்பளியை அவிழ்த்துக் கொடுத்தாள். அந்தப் பொய்யை அம்மன் கணக்கில் வைத்திருக்கமாட்டாள் என்றுதான் நான் நம்புகிறேன்.

அழகுமுத்து கம்பளியையும் உருண்டைகளையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். முத்துலிங்கம் ஓடி வந்தார். தம்பையா அவர் காதில் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். “எண்ணெய்! எண்ணெயில அது கரையுமே. எண்ணெய் தேச்ச உடம்போட இதுல சுத்தினா தோலு வழியாவே இழுத்துக்கும். முதல்ல எண்ணெயைக் கழுவணும். பிள்ளைக்குக் குளிர் படாம கழுவணும். யாருக்கு வரும் அது?”

மூக்கன்தான் வாசலுக்குப் போய்ச் சாக்கை விலக்கி, “உள்ள வா அக்கா,” என்றான்.

வேலாயி வெந்நீரும் பயத்தமாவும் கேட்டாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, வழக்கம்போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கழுவினாள். மூட்டையிலிருந்து தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்த சேலை. பிள்ளையை மீனம்மாவின் மார்போடு வைத்து, மேலே சுத்தமான சாக்கைப் போர்த்தினாள்.

“தப்பிச்சிருச்சா?” என்று கேட்டாள் மீனம்மா.

“இப்பச் சொல்லமாட்டேன்,” என்றார் முத்துலிங்கம். “மஞ்சள் தலைக்கு ஏறியிருக்கான்னு...”

அவர் முடிப்பதற்குள் அழகுமுத்து வாசலில் தும்மினான். மிளகாய் மூட்டை மேல் வந்தவனின் தும்மல் அது. தகரக் கூரையே அதிர்ந்தது. பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டது, முகத்தைச் சுளித்தது, வீரிட்டு அழுதது.

“எவன்டா அவன், பிள்ளையைப் பயமுறுத்துறது?” என்று கத்தினான் மூக்கன்.

“திட்டாத, திட்டாத!” முத்துலிங்கம் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காது கேக்குது. அழுகையில பலம் இருக்கு. அழகுமுத்து, இன்னும் ஒரு தரம் தும்முறியா?”

“ஸ்டாக்கு நிறைய இருக்குங்க,” என்றான் அழகுமுத்து, கண்ணீரும் மூக்குநீருமாக.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பாலைத் தேடியது.

அன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. தம்பையாவைப் பின்பக்கம் வரச் சொன்னாள். கையில் ஒரு உருண்டை இருந்தது.

“டாக்டரய்யா சொன்னது காதுல விழுந்துச்சு. இது கற்பூரம் இல்லியாய்யா?”

“இல்லம்மா.”

“லெட்சுமி பையனுக்கும் நான்தான் சுத்திவிட்டேன். அழகம்மா பிள்ளைக்கும் நான்தான்.”

“குளிருக்குத்தானம்மா போர்த்தினீங்க,” என்றார் தம்பையா. பிறகு சோமசுந்தரம் சொல்லியனுப்பியதைச் சொன்னார். அவள் உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் பத்துச்சீட்டைப் பற்றிப் பேச்சில்லை. கடைச் சரக்கு மாறிய கதையைச் சொல்லத் தம்பையா தொண்டையைச் செருமினார். ஒருநாளும் அந்தக் களத்துக்கு வராத அன்னம்மா அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“முதலாளி சரியாத்தான் குடுத்தாரு. பூச்சி உருண்டையைக் கற்பூரம்னு நெனச்சுக் கம்பளியில போட்டது நான். வேலாயி கையில தப்பில்ல. பழி சொன்னதும் நான்தான். என்னை மன்னிச்சிரு வேலாயி.”

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். வேலாயி அன்னம்மாவின் கையைப் பிடித்து, “பனியில நிக்காதீங்கம்மா, உள்ள போங்க,” என்றாள். அழகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். லெட்சுமி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிப் போனாள்.

அன்று அம்மன் முகத்தைக் கழுவினார்கள். கரிக்குக் கீழே மஞ்சள் அப்படியே இருந்தது. சோமசுந்தரம் கடையில் உருண்டைச் சாடிக்குப் ‘பூச்சி மருந்து’ என்று பேர் மாறியது. அழகுமுத்து, தன் தும்மலால் ஒரு வழக்கு முடிந்ததாக வட்டகொடையிலிருந்து ஹட்டன் வரை ரயிலில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். இரண்டு பேர் கொட்டகலையில் இறங்க மறந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது தம்பையாவுக்கும் தெரியாது.

லெட்சுமியின் மகனுக்கு ஊட்டினால் புரையேறும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவனைச் சேர்க்கவில்லை. லெட்சுமி அவனைத் தூளியில் போட்டுவிட்டு மலைக்குப் போவாள். மத்தியானம் ஓடி வருவாள். ஒருநாள் அப்படி ஓடி வந்தபோது பிள்ளையின் வயிறு நிறைந்திருந்தது. முகம் துடைத்திருந்தது. துணி மாற்றியிருந்தது. லெட்சுமி வெகுநேரம் தூளியருகே நின்றாள். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது கஞ்சியை வடித்து மூடி வைத்துவிட்டு, கதவின் கொண்டியை மாட்டாமல் போனாள்.

லயம் காலியானதும் அன்னம்மா பின்வழியாக வந்தாள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, விரலால் தாடையைத் தாங்கி, கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு சொட்டு விழுங்கும்வரை அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தாள். வெயில் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கிண்ணத்தில் பாதிகூடக் குறையவில்லை.

ஊட்டி முடித்ததும் தாலாட்டுப் பாடினாள். அவனுக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அந்த விறைத்த சின்னக் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு பாடினாள்.

முதலில் விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக விரிந்து, அதிர்கிற இடத்தில் படிந்தன.